குருத்தோலை டின்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். உன் அப்பா நாற்காலியில், தோளில் துண்டு மட்டும். உன் அத்தை பிலோமி, வழிக்குக் கொடுத்துவிட முந்திரிக்கொத்து கட்டிக்கொண்டு வந்தவள். உன் தம்பி லியோன், பயணத்துக்கென்று தைத்த நீலச் சட்டையில். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா, வயிற்றில் நாலு மாதம், அடுப்படி வாசலில். நீ, தம்பியின் பெட்டியை ஆட்டோவில் ஏற்ற வந்தவன், ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில். பிறகு நான். ஆட்டோக்காரரைச் சேர்த்தால் ஏழு. ஆனால் அவர் உள்ளே வரவில்லை, இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. லியோன் சட்டையில் மூன்றாவது பொத்தான் மட்டும் வெள்ளை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். யார் எங்கே நின்றார்கள், யார் வாயிலிருந்து என்ன வந்தது என்று எப்போது கேட்டாலும் மாறாமல் சொல்லுவேன் என்று நம் தெருவில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அருள், நீ போனில் கேட்டாய், நீ அனுப்பிய பிள்ளை ஒழுங்காக வேலை செய்தாளா, பிரயோஜனம் இருந்ததா என்று. நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லுகிற காரியம் இல்லை அது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சிஸ்டர்மார் சொல்லிக்கொடுத்த எழுத்து இன்னும் கையில் இருக்கிறது. விழுந்ததில் உடைந்தது இடது கைதான். அதனால் எழுதுகிறேன். உன் பெண்டாட்டியும் படிக்கட்டும். அவளுக்குப் பிறகு யார் படித்தாலும் சரி, மறைக்க இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

வீட்டை ஒழுங்குபண்ணிக் கொடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். "ஏலே, என் சட்டிபானைய எனக்கு எடுத்து வைக்க வெளியாளா? நாளைக்குச் சோறூட்டவும் ஒருத்திய அனுப்புவியோ?" என்றேன். நீ கோபப்படவில்லை. "நீங்க எதுல தட்டி விழுந்தீங்க?" என்று கேட்டாய். பழைய பேப்பர் கட்டு என்றேன். "அது அங்கன எத்தன வருஷமா கெடக்கு?" என்றாய். ஒன்பது வருஷம். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டுக்குள் வந்த எதுவும் வெளியே போகவில்லை என்பது நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பார்த்ததுதான். கட்டிலில் பாதி எனக்கு, பாதி துணிமூட்டைக்கு. மாடி அறைக்குக் கதவைத் தள்ளித் திறக்க முடியாது.

வந்தவள் பெயர் முத்துச்செல்வி. உடன்குடிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் திருநீறு, தோளில் பெரிய பை, கையில் எழுதுகிற அட்டை. வந்த முதல் நாள் ஒரு சாமானையும் தொடவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, "காலைல எந்திரிச்சதும் மொதல்ல எதத் தேடுவிய ஆச்சி?" என்று கேட்டாள். கண்ணாடியை என்றேன். "எவ்வளவு நேரம் தேடுவிய?" என்றாள். "கெடைக்கிற வரைக்கும்" என்றேன். அதை எழுதிக்கொண்டாள். மறுநாள் கட்டில் தலைமாட்டில் சின்னதாக ஒரு பெட்டியை அடித்து வைத்து, "இது கண்ணாடியோட வீடு. வேற எதுவும் இங்க குடிவரக் கூடாது" என்றாள். அன்றிலிருந்து நான் கண்ணாடியைத் தேடவில்லை. தேடாத காலைப்பொழுது எத்தனை நீளம் என்று எழுபத்தைந்து வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் என்னிடம் வேணுமா வேண்டாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாமே வேணும் என்றிருப்பேன். "நானா எதையும் தூரப் போட மாட்டேன் ஆச்சி. நீங்க கையில வாங்கிப் பாத்து, இது யாருதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். உன் அப்பாவின் வேட்டி, நீ பத்தாவதில் வாங்கிய கேரம் போர்டு, யாரோ கல்யாணத்துக்கு வாங்கி இன்னும் கொடுக்காத குத்துவிளக்கு, ஒவ்வொன்றுக்கும் ஆள் சொன்னேன். என்னுடையது என்று சொல்ல வந்தவை குறைவு. முக்கால்வாசி அடுத்தவர் சாமான். அதற்கு ஒரு மூலையை ஒதுக்கிச் சீட்டு ஒட்டினாள்: அவங்கவங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

ஒரே மாதிரிச் சாமானையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து போடுவது அவள் வழக்கம். அப்படிப் போட்டபோது ஒன்பது கத்திரிக்கோல் சேர்ந்தது. ஒவ்வொன்றும் முந்தையது காணாமல் போனதால் வாங்கியது. ஒவ்வொன்று காணாமல் போனபோதும் ஒருத்தர் மேல் எனக்குச் சந்தேகம். நாலாவது கத்திரிக்கோலுக்காக உன் அத்தை பிலோமியோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தேன். முத்துச்செல்வியிடம் அதைச் சொன்னேன். அவள் எனக்குத் தெரியாமல் பிலோமி வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்துவிட்டாள். பிலோமி இடுப்பில் கைவைத்து நின்று அந்தக் குவியலைப் பார்த்தாள். "மயினி, என்னக் கள்ளியாக்குன கத்திரி இதுல எது? அத மட்டும் எங்கிட்ட குடுங்க. கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டுல மாட்டணும்" என்றாள். சிவப்புப் பிடி போட்டதை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். இந்த வீட்டில் நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

லியோன் காரியத்துக்கு வருகிறேன். உன் பெண்டாட்டி கடற்கரை அறியாத உள்நாட்டுக்காரி, அவளுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கப்பலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு சிடிசி என்று ஒரு புத்தகம் உண்டு. அவன் படமும் பேரும் போன கப்பலும் அதில் இருக்கும். அது கையில் இல்லாமல் கப்பலில் கால் வைக்க முடியாது. பிள்ளை புறப்படுமுன் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாதா கோவிலுக்குப் போய், பீடத்துப் படியில் வைத்துச் செபமாலை சொல்லி, கைலேஞ்சி என்கிற கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவருவது எங்களில் சில தாய்மார் வழக்கம். ஆண்களிடம் சொல்வதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். லியோனின் முதல் பயணத்துக்கும் அப்படித்தான் செய்தேன். இது இரண்டாம் பயணம். சனிக்கிழமை கொண்டுபோனேன். திங்கட்கிழமை காலையில் ஆட்டோ வந்து நின்ற பிறகு அவன் பையைத் திறந்து பார்த்தான். புத்தகம் இல்லை.

"நான் கோயிலுக்குக் கொண்டுபோனேன். கொண்டாந்து இந்தக் கையால ஒன் பையில வச்சேன்" என்று சொன்னேன். சத்தியமும் பண்ணினேன். எனக்கு அது கண்முன் தெரிந்தது, அருள். பையின் ஜிப் மாட்டிக்கொண்டதும், நான் இழுத்து மூடியதும். வீடு முழுக்கத் தேடினோம். நீ கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினாய். ஆனால் நான் தேடியது புத்தகத்தை அல்ல. அதற்கு முந்தின வாரம் ஸ்டெல்லா என்னிடம், "பிள்ள பொறந்து மொகத்தப் பாத்துட்டுப் போகட்டும் மாமி, நீங்க சொன்னாக் கேப்பாரு" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு பேச்சு எனக்குப் போதுமாக இருந்தது. நேரே போய் வெந்நீர் அடுப்பின் சாம்பலைக் கிளறினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்: முழுக்க எரித்துவிட்டாள். பிற்பாடு ஆட்களிடம் சொல்லும்போது, சாம்பலில் அட்டையின் ஒரு மூலையைப் பார்த்தேன் என்று சேர்த்துக்கொண்டேன். எத்தனையாவது தடவை சேர்த்தேன் என்று தெரியாது. சேர்த்த பிறகு அந்த மூலை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

லியோன் அவளிடம் ஒரே தடவை கேட்டான், "நீ எடுத்தியா?" என்று. "இல்ல" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். "எங்கம்மா பொய் சொல்ல மாட்டா" என்றான். அதோடு முடிந்தது. ரயில் போய்விட்டது, கப்பலும் போய்விட்டது. புதுப் புத்தகம் வாங்கப் போலீஸில் எழுதிக் கொடுத்து, மனுப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சும்மா இருக்கிற பிள்ளை இல்லை அவன். கூட்டாளி சூசையின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனான். ஐப்பசிக் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. சூசை நீந்திக் கரையேறினான். உன் தம்பி மூன்றாம் நாள் வந்தான், வந்தான் என்றா சொல்வது. முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவின் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன். ஆறு மாதம் தாண்டிய வயிறு அவளுக்கு. உன் அப்பா "வேண்டாம்ளா" என்றார். அவர் பேச்சை நான் எப்போது கேட்டேன்? அந்தப் பெட்டியையும் நீதான் அவள் பிறந்த ஊருக்குப் போகிற வேம்பார் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாய். பெண்பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

முத்துச்செல்வி வந்த ஆறாம் நாள் மாதா படத்துக்குக் கீழே இருக்கிற தட்டுக்கு வந்தாள். அங்கே பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது. போன வருஷம் குருத்து ஞாயிறன்று வாங்கிவந்த குருத்தோலையைச் சாம்பல் புதனுக்கு முன்னால் கோவிலில் கொடுத்துவிட வேண்டும், அங்கே எரிப்பார்கள். நான் கொடுப்பதில்லை. ஓலைச் சிலுவை, மெழுகுவர்த்தித் துண்டு, கை உடைந்த அந்தோணியார், அறுந்த செபமாலை, எல்லாம் அந்த டின்னுக்குள்தான். நான் மூடியைத் தூக்குவேன், போடுவேன், மூடுவேன். வேறு யார் கையும் அதில் பட்டதில்லை. முத்துச்செல்வி போய்க் கைகழுவி வந்தாள். "சாமி சாமானு. நான் தொடலாமா ஆச்சி, இல்ல நீங்களே எடுக்கியளா?" என்று கேட்டாள். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. "தொடுளா" என்றேன்.

அன்று அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர். பிலோமி தரையில் உட்கார்ந்து பேப்பர் கட்டிக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு வெள்ளைத்துணியில் அடுக்கினாள். அடியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ஓரத்தில் நீல நூல் தைத்த கைலேஞ்சி. அவள் நானூறு தடவை கேட்டதுபோலவே அதையும் கேட்டாள், "இது யாருது ஆச்சி?"

எனக்கு முதலில் வந்தது கோபம். யார் இதைக் கொண்டுவந்து இங்கே வைத்தது என்று ஆளைத் தேடினேன். மனசு அப்படித்தான் போனது, மறைக்கவில்லை. அப்புறம் முடிச்சைப் பார்த்தேன். இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே சொருகுகிற முடிச்சு, என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பிலோமிக்குக்கூட அது வராது. அவிழ்த்தேன். உள்ளே காய்ந்து பொடியாகிப்போன பூ. அதற்குக் கீழே சிடிசி. திறந்தால் முதல் பக்கத்தில் உன் தம்பி, வெள்ளைச் சட்டை, இரண்டு காதும் விடைத்துக்கொண்டு, படம் பிடிக்கிறவன் என்னவோ சொன்னதற்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. கோவிலிலிருந்து திரும்பினேன். மழை பிடித்துக்கொண்டது. மாடியில் மிளகாய் காய்ந்தது. புத்தகம் நனையாமல் இருக்கட்டும் என்று கைக்குப் பக்கத்தில் இருந்த டின்னுக்குள் வைத்துவிட்டு ஓடினேன். பையில் வைத்ததும் ஜிப் மாட்டியதும் முதல் பயணத்தில் நடந்தது. இரண்டு பயணத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன், அருள். இத்தனை ஞாபகம் வைத்திருந்து, அதை அடுக்கி வைக்கத் தெரியாமல் போட்டுவிட்டேன். பிலோமி "மயினி" என்றாள். முத்துச்செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "யாருதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நாம குடுத்துருவோம்" என்றாள்.

வியாழக்கிழமை நானும் பிலோமியும் வேம்பார் பஸ் ஏறினோம். ஸ்டெல்லா வீட்டு முன்னறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாமி" என்றாள், நேற்றுப் போய் இன்று வந்தவளைப்போல. தண்ணீர் கொடுத்தாள். நான் பொட்டலத்தை நீட்டினேன். அவள் அவிழ்த்துப் பார்த்தாள்.

"எங்கன இருந்துச்சு?"

"குருத்தோல டின்னுல."

"நான் அன்னைக்கே சொன்னேன் மாமி. அந்த டின்னையும் ஒருக்காப் பாத்துருவோம்னு எடுக்கப் போனேன். நீங்க என் கையத் தட்டிவிட்டிய. கள்ளி கை மாதா பீடத்துல படக் கூடாதுன்னிய."

அருள், அது எனக்கு ஞாபகம் இல்லை. பொத்தானின் நிறம் ஞாபகம் இருக்கிறது, ஆட்டோ எத்தனை தடவை ஹார்ன் அடித்தது என்று ஞாபகம் இருக்கிறது. இது இல்லை. பிலோமியைத் திரும்பிப் பார்த்தேன். "அப்படிச் சொன்னாளா பிலோமி?" என்றேன். "சொன்னா மயினி" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு நீயும் வாசலில் நின்றாய். உனக்கும் தெரிந்திருக்கும்.

நான் ஸ்டெல்லாவின் காலைத் தொடக் குனிந்தேன். அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அதெல்லாம் வேண்டாம். நான் எடுக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா. எனக்கு இது புதுசு இல்ல. அவருக்குத்தான் தெரியாமப் போச்சு. நாப்பத்தி மூணு நாளு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. கடைசியாப் போற அன்னைக்கும் சொம்புல தண்ணி குடுத்தேன். வாங்கிக் குடிச்சாரு. வெறுஞ்சொம்ப எங் கையில தரல, தரையில வச்சிட்டுப் போனாரு. இந்தப் புஸ்தகத்த அவருகிட்ட கொண்டுபோய்க் காட்ட முடியுமா ஒங்களால?"

அந்த நேரம் அவள் மகள் வேலை முடிந்து உள்ளே வந்தாள். இருபத்தொரு வயதுப் பிள்ளை. இரண்டு காதும் விடைத்துக்கொண்டு. "யாரும்மா?" என்று கேட்டாள். ஆச்சி என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். வெட்கமில்லாமல் காத்திருந்தேன். "தூத்துக்குடில இருந்து வந்திருக்காவ. பேரு குருசம்மாள். ஒங்கப்பா புஸ்தகம் கொண்டாந்திருக்காவ" என்றாள் ஸ்டெல்லா. அந்தப் பிள்ளை எனக்குத் தோத்திரம் என்று வணக்கம் சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். ஸ்டெல்லா கைலேஞ்சியை உதறி, பூப்பொடியைத் தட்டி, நாலாக மடித்து என் கையில் வைத்தாள். "இது ஒங்களுது" என்றாள். அவளுக்கு முத்துச்செல்வியைத் தெரியாது. ஆனாலும் அதே வேலையைத்தான் செய்தாள். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பிலோமி என்னை எழுப்பிக் கூட்டிவந்தாள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிரயோஜனம் இருந்தது. நடக்க இடம் இருக்கிறது, மாடிக் கதவு திறக்கிறது, எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். உன் வீட்டுக்கும் இப்படி ஒரு ஆளைக் கூப்பிடு. இதற்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. வெளியாள்தான் வேணும். வீட்டு ஆள் தேடும்போது சந்தேகப்பட்ட இடத்தில்தான் தேடுவான். நான் சாம்பலில் தேடினேன். அவளுக்கு யார் மேலும் மனத்தாங்கல் இல்லை, அதனால் எல்லா இடத்திலும் பார்த்தாள். போன கிறிஸ்துமஸுக்கு என்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நீ திரும்பி உன் பெண்டாட்டியைக் கத்தினாய், "பாஸ்போர்ட்ட நீதான் எங்கயோ தூக்கி வச்சிருக்க, நான் இந்தக் கையால இங்க வச்சேன்" என்று. அது என் பேச்சு, அருள். என் வாயிலிருந்து போய் உன் வாயில் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் அது உன் கார் டப்பாவில் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அவளிடம் என்ன சொன்னாய் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மடிக்கும் முன்னால் போய்ச் சொல். அவள் தண்ணீர் கொடுத்தால் சொம்பை அவள் கையில் திருப்பிக் கொடு.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா, மனசுல வச்சிக்கிடாதிய" என்றார் சாமியார். அவர் நல்லவர், சின்ன வயசு. வீட்டுக்கு வந்து இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தவர்களை ஒவ்வொருத்தராக வெளியே எடுத்தேன். ரயில் போன பிறகு போனை எடுக்காத கப்பல் ஏஜென்ட், அந்தக் காற்றில் வள்ளத்தை இறக்கிய சூசை, எல்லாரையும் விட்டேன். அன்று வீட்டில் இருந்தவர்களையும் எடுத்தேன். என்னைத் தடுக்க முடியாத உன் அப்பாவை விட்டேன். டின்னைப் பற்றி ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டும் பேசாமல் இருந்த பிலோமியை விட்டேன். வாசல்படியில் நின்ற உன்னை விட்டேன். அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று நம்பிய லியோனை, அதற்காக அவன் மேல் இருந்த கோபத்தை, அதையும் விட்டேன். ஸ்டெல்லாவிடம் எனக்கு விட ஒன்றும் இல்லை. அவள் பேரில் நான் வைத்திருந்தது எதுவும் அவளுடையது இல்லை. ஐந்து பேர் ஆகிவிட்டது. ஆறாவது ஆள் ஒருத்தி இருக்கிறாள். ஆண்டவர் விட்டாலும் நான் விட மாட்டேன்.

குருசம்மாள்